மேனக்கிள்ஸ் பாறைகள்

மேனக்கிள்ஸ் என்பது இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், லிசர்ட் தீபகற்பத்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள பாறைத் தொகுதி ஆகும். பால்மவுத் துறைமுகத்திற்குத் தெற்கே, போர்த்தவுஸ்டாக் என்னும் மீனவக் குடியிருப்புக்கு அருகில் இது அமைந்துள்ளது. பல கப்பல்கள் உடைந்து மூழ்கிய இவ்விடம், இன்று ஸ்கூபா நீர்மூழ்குவோர் நாடிச் செல்லும் இடங்களுள் ஒன்றாகும். இவை பவளப் பாறைகள் அல்ல. குளிர்ந்த கடலில் உள்ள கற்பாறைகளே.

பெயர்

கார்னிய மொழியில் "தேவாலயக் கற்கள்" எனப் பொருள்படும் சொற்றொடரில் இருந்து இப்பெயர் வந்ததாகக் கருதப்படுகிறது. கரையில் உள்ள செயின்ட் கெவர்ன் ஊர்த் தேவாலயத்தின் கூர்ங்கோபுரம் கடலில் இருந்து தெரியும்.

ஆபத்துக்கான காரணங்கள்

பெரும்பாலான பாறைகள் உயர் ஓதத்தின்போது நீரில் மறைந்துவிடும். அவற்றினிடையே ஓத நீரோட்டம் வலுவாக ஓடும். ஆங்கிலக் கால்வாய் வழியே செல்லும் கப்பல் சிறிதளவு திசை தவறினாலும் இப்பாறைகளை அடைந்துவிடக் கூடும்.

முக்கிய கப்பல் விபத்துகள்

* 1809 சனவரி: எச்.எம்.எஸ். பிரிம்ரோஸ் என்ற போர்க்கப்பலும், எசுப்பானியாவில் இருந்து படைவீரர்களுடன் திரும்பிய டிஸ்பாட்ச் என்ற கப்பலும் ஒரே இரவில் இக்கரையில் உடைந்தன. பிரிம்ரோசில் ஒரு சிறுவன் மட்டுமே உயிர் தப்பினான்.
* 1855: பிளைமவுத்தில் இருந்து கனடாவுக்குக் குடியேறிகளை ஏற்றிச் சென்ற ஜான் என்ற கப்பல் உடைந்ததில் 190க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.
* 1898 அக்டோபர் 14: லண்டனில் இருந்து நியூயார்க் சென்ற மொகிகன் என்ற புதிய நீராவிக் கப்பல் மோதி, கால் மணி நேரத்திற்குள் மூழ்கியது. 106 பேர் இறந்தனர். போர்த்தவுஸ்டாக்கின் சார்லட் என்ற உயிர்காப்புப் படகு 44 பேரை மீட்டது. தவறான திசையில் கப்பல் செலுத்தப்பட்டதே காரணம் என அறியப்பட்டது; கப்பல் தலைவரும் இறந்துவிட்டதால், அத்தவறு ஏன் நேர்ந்தது என்பது விளங்கவில்லை. இறந்தோருள் பலர் செயின்ட் கெவர்ன் தேவாலய வளாகத்தில் ஒரே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.
* 1899 மே: பாரிஸ் என்ற பயணிகள் கப்பல் அருகில் தரைதட்டியது. அனைவரும் காப்பாற்றப்பட்டனர், கப்பலும் பின்னர் மீட்கப்பட்டது.

நீர்மூழ்குதல்

மொகிகனின் சிதைவு ஏறத்தாழ 20 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. மேற்கட்டுமானம் சரிந்துவிட்டது, பெரிய கொதிகலன்களும் இரும்புத் தகடுகளும் எஞ்சியுள்ளன. பாறைச் சுவர்களையும் இரும்பையும் பல நிறக் கடற்சாமந்திகளும் இளஞ்சிவப்புக் கடல் விசிறிகளும் மூடியுள்ளன.

ஓதம் திரும்பி நீரோட்டம் ஓயும் குறுகிய நேரத்திலேயே இங்கு மூழ்குவது வழக்கம். நேரம் தவறினால் நீரோட்டம் மூழ்குவோரைப் படகில் இருந்து வெகுதூரம் இழுத்துச் செல்லும். எனவே மேலெழுமுன் அடையாள மிதவையை நீர்மட்டத்திற்கு அனுப்புவது அவசியமாகும். கோடையிலும் நீர் குளிர்ந்தே இருப்பதால், தடித்த நீர்மூழ்கு உடையோ நீர் புகா உடையோ அணிய வேண்டும்.

பாதுகாப்பு

2013 ஆம் ஆண்டு இப்பகுதி கடல்சார் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. முள் சிங்கி இறால், சுண்ணாம்பு படிந்த செம்பாசிப் படுகைகள் முதலியன இதனால் பாதுகாக்கப்படுகின்றன. பிரித்தானியச் சட்டப்படி, கப்பற் சிதைவில் இருந்து எடுக்கப்படும் எப்பொருளையும் 28 நாட்களுக்குள் அதற்குரிய அரசு அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும். உயிரிழந்தோரின் நினைவிடமாகவும் இச்சிதைவுகள் இருப்பதால், எதையும் தொடாமல் பார்த்துத் திரும்புவதே பொறுப்புள்ள நீர்மூழ்குவோரின் நெறியாகும்.