ஊர்காவற்றுறைத் தொகுதியும் அதன் சட்டத்தரணிகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே கடலிற் பரந்து கிடக்கும் தீவுகளுள் ஒன்றான புங்குடுதீவு, ஒல்லாந்தர் காலத்தில் மிடில்பேர்க் என்னும் பெயரைப் பெற்றிருந்ததும் இன்று வேலணைப் பிரதேச சபையின் ஆட்சி எல்லைக்குள் அடங்குவதுமான ஊராகும். வேலணை, ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய அயல் ஊர்களோடும் தீவுகளோடும் சேர்ந்து ஊர்காவற்றுறை என்ற ஒரே தொகுதியில் வாக்களித்து வந்ததனால், இவ்வூரின் தேர்தல் வரலாறு அத்தொகுதியின் வரலாற்றிலிருந்து பிரித்தறிய முடியாததாயிற்று. 1936 முதல் 1970 வரையான 34 ஆண்டுகளில் ஏறத்தாழ 25 ஆண்டுகள் அத்தொகுதியின் ஆசனத்தில் அமர்ந்திருந்தவர்கள் சட்டத்தரணிகளே. அவர்கள் எவ்வாறு எழுந்தனர், எதனால் வீழ்ந்தனர் என்பதை ஆராயும்போது, கற்றவர் சொல்வதைக் கேட்டிருந்த தீவகத்து மக்கள் தமக்காகப் பேசுவோருக்கு ஆணை வழங்குவோராகவும், வேண்டியபோது அதனைத் திரும்பப் பெறுவோராகவும் வளர்ந்த வரலாறு புலப்படுகின்றது.

இலங்கையில் சட்டத்தொழிலிலிருந்து மக்கள் ஆணையை நாடியவர்கள் சட்டசபையின் வழியாகவே அதனைத் தேடினர். யாழ்ப்பாணத்தில் அவர்கள் முன்னணிக்கு வந்தமைக்கு நில உடைமையின் இயல்பு ஒரு காரணமாகும். 1707ஆம் ஆண்டளவில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை என்னும் வழக்குச் சட்டம், பரம்பரையாக வரும் முதுசம், பெண்ணுக்கு வழங்கும் சீதனம், மணவாழ்வின்போது ஈட்டப்படும் தேடியதேட்டம் எனச் சொத்தை வகுத்ததோடு, பங்காளிகளுக்கும் அயற்காணியாளருக்கும் காணியை முதலில் வாங்கும் உரிமையையும் அங்கீகரித்தது. இதனால் ஒரு பரப்புக் காணிக்குப் பலர் உரிமை கொண்டாடும் நிலையும் அதன் வழியே எல்லை வழக்குகளும் பங்கு வழக்குகளும் பெருகின. வழக்காளியை நேரிற் கண்டு ஆவணங்களை ஆக்கியவர் பிரக்கிராசி என்றும், அவர் ஒப்படைத்த வழக்கை நீதிமன்றத்தில் வாதாடியவர் அப்புக்காத்து என்றும் அழைக்கப்பட்டனர். இவ்விரு பிரிவினரும் ஊர் மக்களின் காணி, குடும்பம், கடன் ஆகிய அனைத்தையும் அறிந்தவர்களாகவும், அரசாங்கத்தின் மொழியிலேயே அரசாங்கத்தோடு பேச வல்லவர்களாகவும் விளங்கினர்.

இவர்களுள் முதன்மையானவர் வேலணையில் 1874இல் பிறந்த வைத்திலிங்கம் துரைசுவாமி. கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற் பயின்று அப்புக்காத்தாகத் தொழில் புரிந்த அவர், மனிங் தேசாதிபதி காலத்துச் சீர்திருத்தத்தின்படி 1921இல் நடைபெற்ற தேர்தலில் வட மாகாணத்தின் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபைக்குச் சென்றார். 1924இலும் மீண்டும் தெரிவானார். அக்காலத்தில் வாக்குரிமை கல்வியும் வருமானமும் சொத்தும் உடைய ஆண்களுக்கே உரியதாயிருந்தமையால், நாட்டின் மக்கள்தொகையில் மிகச் சிறிய பகுதியினரே வாக்காளராயிருந்தனர். பண்ணைக் கடலுக்கும் புங்குடுதீவுக் கடலுக்கும் குறுக்கே வீதிகள் அமையாத அந்நாட்களில், வள்ளத்தில் யாழ்ப்பாணம் சென்றுவந்த தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் பெண்களும் தம் பெயரால் எவர் பேசுவதென்பதைத் தீர்மானிக்கும் உரிமையற்றவர்களாகவே இருந்தனர். துரைசுவாமியின் தொடக்க வெற்றிகள் கற்றோரும் உடையோரும் தம்முள் ஒருவரைத் தெரிந்தெடுத்த வெற்றிகளே என்பதை மறந்து, அவருக்குப் பின்னாளில் நேர்ந்ததை விளங்கிக்கொள்ள இயலாது.

டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1931இல் இலங்கை 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் சர்வசன வாக்குரிமையைப் பெற்றபோது, ஊர்காவற்றுறை தனித் தொகுதியாயிற்று. எனினும் புதிய வாக்காளர் அவ்வாண்டில் வாக்களிக்கவில்லை. முழுமையான சுயாட்சியை வழங்காத அரசியலமைப்பை ஏற்பதில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் விடுத்த அறைகூவலை ஏற்று, யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யாதிருந்தனர். இலட்சியத் தூய்மையில் இப்பகிஷ்கரிப்புக்கு ஈடான நிகழ்ச்சி யாழ்ப்பாண அரசியலில் அரிது; ஆயினும் அதனால் அவ்வரசியலமைப்பின்படி அமைந்து ஏனைய மாகாணங்கள் பேசிய அரசாங்க சபையில் இந்நான்கு தொகுதிகளின் குரல் மூன்றாண்டுகள் ஒலிக்காமற் போயிற்று. 1934இல் நடந்த இடைத்தேர்தலில் நெவின்ஸ் செல்வதுரை ஊர்காவற்றுறையின் உறுப்பினரானார். 1936இல் நடந்த பொதுத்தேர்தலில் துரைசுவாமி அவ்வாசனத்தைப் பெற்றார்.

அவ்வாண்டு மார்ச் மாதம் கூடிய இரண்டாவது அரசாங்க சபை துரைசுவாமியைச் சபாநாயகராகத் தெரிவுசெய்தது. ஐம்பது தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களுட் பெரும்பான்மையோர் சிங்களவராயிருந்த சபை ஒரு தமிழரைத் தன் தலைமை ஆசனத்தில் அமர்த்தியமை, அவருடைய நடுநிலையிலும் சட்டப் புலமையிலும் அச்சபைக்கிருந்த மதிப்பைக் காட்டுகின்றது. அதே சபையிலேதான் அமைச்சர்களாகும் ஏழு நிறைவேற்றுக் குழுத் தலைவர்களும் சிங்களவராகவே அமையுமாறு தேர்தல்கள் ஒழுங்குசெய்யப்பட்டு, தனிச்சிங்கள மந்திரிசபை என்று வரலாற்றிற் குறிக்கப்படும் அமைச்சரவை உருவாயிற்று. சபாநாயகர் விவாதத்திற் கலந்துகொள்ளாதவர், கட்சி சாராதவர். ஆதலால் தமிழருக்குக் கிடைத்த உயர்ந்த கதிரை அவர்களுடைய குறைகளை எடுத்துரைக்க இயலாத கதிரையாகவும் அமைந்தது. 1937இல் சேர் பட்டம் பெற்ற துரைசுவாமி, போர்க்காலம் காரணமாக நீடிக்கப்பட்ட அச்சபையை 1947 வரை பதினோராண்டுகள் நடத்தினார். இலவசக் கல்வி, அரசகரும மொழி ஆகியவை பற்றிய விவாதங்கள் அவருடைய தலைமையிலேயே நிகழ்ந்தன.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் ஊர்காவற்றுறை வாக்காளர் சேர் வைத்திலிங்கம் துரைசுவாமியைத் தோற்கடித்து, கொழும்புத் துறைமுகத்தில் சரக்குப் படகுத் தொழில் நடத்திய வணிகரான அல்பிரட் தம்பிஐயாவைத் தெரிவுசெய்தனர். இத்தோல்வியை நன்றி மறந்த செயலாக மட்டும் கருதுவது பொருந்தாது. மழையை நம்பிய மண்ணும் பனையும் கடலும் தரும் வருவாய் போதாமையால் புங்குடுதீவிலிருந்தும் அயல் தீவுகளிலிருந்தும் ஆடவர் பலர் கொழும்பிலும் சிங்கள ஊர்களிலும் கடைகள் நடத்தியும் கடைகளில் வேலை பார்த்தும் ஊருக்குப் பணம் அனுப்பினர். அவ்வுழைப்பில் வளர்ந்த குடும்பங்களுக்கு வணிகர் ஒருவர் நெருக்கமானவராகத் தோன்றியிருத்தல் இயல்பே. மேலும், தொகுதியின் குறைகளைப் பேச இயலாத ஆசனத்தில் பதினோராண்டுகள் இருந்த ஒருவர், முதன்முறையாக வாக்குரிமையின் பயனைக் கணக்கிடத் தொடங்கிய மக்களிடம் தம் பெருமையைத் தவிரக் காட்டுவதற்குக் குறைவாகவே கொண்டிருந்தார். வழக்கை ஒப்படைத்தவர் விரும்பும்போது அதனை வேறொருவரிடம் மாற்றிக்கொள்ள உரிமையுடையவர் என்ற சட்டத்தொழிலின் முறைமையைத் தீவகத்து வாக்காளர் அரசியலிலும் செயற்படுத்தினர் எனலாம்.

தம்பிஐயா 1952இலும் வென்றார். ஆனால் 1956இல் நாட்டின் கேள்வியே மாறியது. சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற முழக்கம் தென்னிலங்கையில் எழுந்தபோது, 1949இல் நிறுவப்பட்ட இலங்கைத் தமிழரசுக் கட்சி சமஷ்டி ஆட்சி என்ற கோரிக்கையுடன் வடக்கு கிழக்கில் பத்து ஆசனங்களை வென்றது. அவற்றுள் ஊர்காவற்றுறையும் ஒன்று. அதன் சார்பிற் போட்டியிட்ட சட்டத்தரணி வீ. ஏ. கந்தையா, 1960 மார்ச்சிலும் யூலையிலும் நடந்த தேர்தல்களிலும் அவ்வாசனத்தைத் தக்கவைத்தார். இம்முறை ஊர்காவற்றுறைக்குத் திரும்பி வந்த சட்டத்தரணி தம் பெயரால் வந்தவரல்லர், ஒரு கட்சியின் கொள்கையைத் தாங்கி வந்தவர். 1961இன் தொடக்கத்தில் நிறைவேறிய நீதிமன்றங்களின் மொழிச் சட்டம், நீதிமன்ற நடவடிக்கைகளிலும் சிங்களத்தைப் புகுத்த வழிவகுத்தபோது, மொழிப் பிரச்சினை சட்டத்தரணியின் தொழிலையும் வழக்காளியின் உரிமையையும் ஒருசேரத் தொட்டது. அவ்வாண்டு பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி முன்பு தொடங்கிய சத்தியாக்கிரகமும், அதனை நடத்திய தமிழரசுக் கட்சி உறுப்பினர்கள் பனாகொடை இராணுவ முகாமில் தடுத்துவைக்கப்பட்டமையும் அப்பின்னணியில் நிகழ்ந்தவையாகும்.

1963இல் கந்தையா காலமானதும் நடந்த இடைத்தேர்தலில் வெற்றி பெற்றவர் கரம்பனைச் சேர்ந்த பிரக்கிராசி வ. நவரத்தினம். தமிழரசுக் கட்சியின் நிறுவனர்களுள் ஒருவரான அவர், 1957 யூலையில் கைச்சாத்தான பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்துக்கான பேச்சுகளிற் பங்குகொண்டு, அது அடுத்த ஆண்டு ஏப்ரலிற் கைவிடப்பட்டதையும் நேரிற் கண்டவர். ஒப்பந்த வாசகங்களைச் சொல் சொல்லாக நிறுத்துப் பார்க்கும் பழக்கமுடைய பிரக்கிராசி ஒருவருக்கு, கைச்சாத்திட்ட ஆவணம் பயனற்றுப் போனமை எத்தகைய படிப்பினையாயிருந்திருக்கும் என்பதை அவருடைய பிற்காலப் போக்குக் காட்டுகின்றது. 1965இல் அவர் மீண்டும் தெரிவானார். கட்சியோ டட்லி சேனாநாயக்காவுடன் உடன்பாடு செய்து அரசாங்கத்திற் சேர்ந்தது. 1968இல், அடையாள அட்டையைக் கட்டாயமாக்கும் ஆட்பதிவுச் சட்டமூலத்தைக் கட்சியின் முடிவுக்கு மாறாக எதிர்த்த நவரத்தினம் கட்சியிலிருந்து விலக்கப்பட்டார். அதன் பின்னர் அவர் தொடங்கிய தமிழர் சுயாட்சிக் கழகம், சமஷ்டியைக் கடந்து தமிழருக்குத் தனியாட்சி வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறியது.

1970இல் ஊர்காவற்றுறை மக்கள் அக்கழகத்தை நிராகரித்து, தமிழரசுக் கட்சி நிறுத்திய தமிழறிஞர் கா. பொ. இரத்தினத்தைத் தெரிவுசெய்தனர். 1947இல் உயர்ந்த பதவி ஒருவரைக் காக்காதது போலவே, 1970இல் கூர்த்த மதியும் நீண்ட சேவையும் ஒருவரைக் காக்கவில்லை. ஒற்றுமை குலையக்கூடாது என்ற கவலை வாக்காளரிடம் மேலோங்கியிருந்தது. ஆயினும் 1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பு சமஷ்டிக் கோரிக்கையைப் புறக்கணித்த பின்னர், 1976 மே 14ஆம் திகதி வட்டுக்கோட்டையிற் கூடிய, தமிழரசுக் கட்சியும் இணைந்த தமிழர் விடுதலைக் கூட்டணி தனியரசுத் தீர்மானத்தை நிறைவேற்றி, 1977இல் அதற்கே மக்களின் ஆணையைக் கேட்டு 18 ஆசனங்களை வென்றது. ஏழாண்டுகளுக்கு முன் நவரத்தினத்தை நிராகரித்த அதே தொகுதி, அவர் முன்வைத்த நோக்கத்தை இரத்தினத்தின் பெயரில் ஏற்றுக்கொண்டது.

பின்வந்த மாற்றங்கள் இம்மரபின் அடித்தளத்தையே அகற்றின. 1974இல் அப்புக்காத்து, பிரக்கிராசி என்ற வேறுபாடு சட்டத்தால் நீக்கப்பட்டு இருவரும் சட்டத்தரணி என்ற ஒரே பெயருக்குள் வந்தனர். அரசியலமைப்பின் 1983ஆம் ஆண்டு ஆறாவது திருத்தம் விதித்த, தனியரசை ஆதரிப்பதில்லை என்ற சத்தியப்பிரமாணத்தை ஏற்க மறுத்துக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தனர். 1989இலிருந்து விகிதாசாரத் தேர்தலில் ஊர்காவற்றுறை யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஒரு பிரிவாக மட்டும் எஞ்சியது. போரினாலும் புலம்பெயர்வினாலும் வாக்காளர் தொகையே அருகிய தீவுகளுக்கு, தம்முடைய உறுப்பினர் இவர் எனச் சுட்டிக் கேள்வி கேட்கும் வாய்ப்பும் அத்தோடு மறைந்தது. துரைசுவாமியையும் நவரத்தினத்தையும் போற்றுவோர், அவர்களை ஏற்றவும் இறக்கவும் துணிந்த சாதாரண தீவக வாக்காளரையும் அதே மதிப்போடு நினைவுகூர வேண்டும். பிரதிநிதியின் தகுதியை இறுதியில் நிறுத்துப் பார்த்தவர்கள் அவர்களே. அந்த உரிமை ஒரு சிறு தீவுக்கு மீண்டும் எந்த வடிவில் வந்துசேரும் என்பதே இவ்வரலாறு இன்றைய அரசியலிடம் கேட்கும் கேள்வியாகும்.