ஆண் பராமரிப்பாளர் பற்றாக்குறை (கெடா)

மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டங்களிலும் நகரங்களிலும் குழந்தைப் பராமரிப்புப் பணி ஏறக்குறைய முழுவதும் பெண்களிடமே இருந்துவரும் நிலை.

தோட்டக் காலம்: பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம் வட்டார ரப்பர்த் தோட்டங்களில், பெற்றோர் விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலைக்குமுன் பெயர் கூப்பிடும் கூட்டம்) போகுமுன் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டனர். ஏணை ஆட்டியதும் பால் கொடுத்ததும் தோட்டத்துப் பெண்களே. பலர் பால்மரம் வெட்டிப் பாலெடுக்க இயலாத மூத்தவர்கள். அதே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாத்தியாரோ பெரும்பாலும் ஆண். எழுத்து ஆணுக்கு, ஏணை பெண்ணுக்கு என்ற பிரிவினை இவ்வாறு வேரூன்றியது.

இன்று: தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின் கொட்டகையின் இடத்தைத் தாஸ்கா எனப்படும் குழந்தைப் பராமரிப்பு நிலையம் பிடித்தது. 4 வயதுக்குட்பட்ட 4 அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளை ஏற்கும் நிலையங்கள் 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி பதிவுபெற வேண்டும். ஊழியர் பயிற்சி பெற்றவராக இருப்பினும், வேலை பெண்களுக்குரியதாகவே கருதப்படுகிறது.

காரணங்கள்: குறைந்த ஊதியம், பதவி உயர்வின்மை, கைக்குழந்தையை ஆண் குளிப்பாட்டி உடைமாற்றுவது குறித்த பெற்றோரின் அச்சம்.

உலக நிலை: பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் நாடுகளிலும் மழலையர் கல்வி ஆசிரியர்களில் ஏறத்தாழ 96 விழுக்காட்டினர் பெண்கள். 20 விழுக்காடு ஆண்கள் வேண்டுமென இலக்கு வைத்த நார்வேயும் அதை எட்டவில்லை.

தீர்வு: நல்ல ஊதியமும், இருபாலருக்கும் ஒரே கண்காணிப்பு விதிகளும் முதல் தேவை. அன்போடு வளர்ப்பது ஆணின் கடமையும்கூட என்பதைக் குழந்தைகள் நேரில் கண்டு வளர வேண்டும்.