குறுகும் காலும் நேரான பட்டையும்: மிசோரி பெட்வேயின் 1942ஆம் ஆண்டு ஒட்டுப்போர்வை

அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் ஊரின் ஒட்டுப்போர்வைகள் குறித்த எழுத்துகள், 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொடங்கிய கண்காட்சிக்குப் பிறகு இரு தடங்களில் சென்றுகொண்டிருக்கின்றன. ஒரு தரப்பு அவற்றை நவீன அரூப ஓவியத்தின் அருகில் வைத்துப் பார்க்கிறது. மற்றது அதை மறுத்து, வறுமையும் துக்கமுமே அவற்றுக்கு வடிவம் தந்தன என்கிறது. கிடைத்த துணி எப்படி இருந்ததோ அப்படியே போர்வையும் அமைந்தது என்பது அதன் சாரம். முதல் தரப்பு வேண்டிய அளவு கண்டிக்கப்பட்டுவிட்டது. இரண்டாவது, நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதாலேயே, சோதனைக்கு உள்ளாகாமல் தப்பி வருகிறது. அதன் முதன்மைச் சான்றே அதற்கு எதிராக நிற்கிறது என்பது என் வாதம்.

மிசோரி பெட்வே, இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைக் கொண்டு 1942இல் தைத்த போர்வையே அந்தச் சான்று. 90 அங்குல நீளம், 69 அங்குல அகலம்; கட்டங்களும் பட்டைகளுமாக அமைந்தது. அதை விளக்குவோர் அனைவரும் நம்பியிருப்பது மகள் அர்லோன்சியா பெட்வேயின் வாய்மொழியை. அதன் முற்பகுதி பலரும் அறிந்தது: தந்தை எட்டு மாத அளவு நோயில் கிடந்து இறந்தார், அவர் நினைவாகவும், அன்போடு போர்த்திக்கொள்ளவும், அவருடைய உடுப்புகளைப் போர்வையாக்கப் போவதாகத் தாய் சொன்னார். துக்க விளக்கம் முழுவதும் இந்தப் பகுதியின் மேல் எழுந்ததுதான். இதற்குப் பின் வருவது பக்கவிவரமாகவே கருதப்பட்டுவிட்டது.

அந்தப் பிற்பகுதியில்தான் தையற்காரியின் முடிவு பதிவாகியிருக்கிறது. கால்சட்டையின் கால் கீழே குறுகியது, மேலே அகன்றது. அகன்ற மேற்பகுதியை வெட்டியெடுத்து, எல்லாவற்றையும் ஒரே சீரான பட்டைகளாக ஆக்கும்படி தாய் தன்னிடம் சொன்னதாக மகள் கூறுகிறார். உடுப்புகள் அனைத்தும் சேர்ந்து இந்த ஒரு போர்வைக்கு மட்டுமே போதுமாக இருந்தன என்பதும் அவர் சொன்னதே.

இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். துணி மட்டுமட்டாக இருக்கும்போது, குறுகும் கால்களைத் தைக்கச் சிக்கனமான வழி ஒன்று உண்டு: ஒரு காலின் குறுகிய முனையை அடுத்த காலின் அகன்ற முனையோடு தலைமாற்றி வைத்தால் பெரும்பாலும் செவ்வகம் வந்துவிடும். ஒரு வெட்டும் வேண்டாம். தேவையே வடிவத்தைத் தீர்மானித்திருந்தால் நமக்குக் கிடைத்திருக்க வேண்டியது சாய்கோடுகள் ஓடும் போர்வை. மிசோரி அந்த வழியில் போகவில்லை. 1932இல் கடனுக்காக வீட்டுச் சாமான்கள்வரை பறிகொடுத்த ஊரில், பத்தே ஆண்டுகள் கழித்து, நேர்க்கோட்டுக்காகத் துணியில் கத்தரி வைக்கச் சொல்லியிருக்கிறார்.

வெட்டிய துண்டுகள் வீணாகியிருக்க வேண்டியதில்லை, சிறு கட்டங்களாகத் திரும்பியிருக்கலாம் என்பது நியாயமான மறுப்பு. அப்படியே நடந்திருக்கவும் கூடும். அப்போதும் கூடுதலான மூட்டுத்தையலும் கூடுதலான உழைப்பும் மிஞ்சுகின்றன. அவற்றைத் தேவையின் கணக்கில் எழுத முடியாது. நேர்ப்பட்டை அந்த ஊரில் மிக எளிய வகை, ‘சோம்பேறிப் பெண்’ என்பதே அதன் பெயர், ஆகவே இது வெறும் பழக்கம் என்றும் சொல்லலாம். கடைத்துணியைக் கிழித்துத் தைப்பவருக்கு அது எளிது; கால்சட்டையிலிருந்து தொடங்குபவருக்கு அப்படியல்ல. பழந்துணிப் போர்வை ஆய்வுகள் வங்காளத்துக் காந்தாவிலிருந்து பொதுவிதிகளை எடுக்கும்போது இந்த வேறுபாடு காணாமல் போகிறது. பழைய புடவையும் வேட்டியும் பிறப்பிலேயே நேர்விளிம்பு உடையவை, அடுக்கித் தைத்தால் போதும். தைத்த உடுப்பின் வளைவோ உடம்புக்காக வந்தது. அதைப் பிரித்து நேராக்குவது தனி வேலை.

வாய்மொழி ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்துப் பதிவானது என்ற ஐயம் என்னை அதிகம் தடுக்கவில்லை. துக்கத்தைப் பற்றிய நினைவு காலப்போக்கில் மெருகேறலாம். கால்சட்டையின் எந்தப் பகுதியை வெட்டினோம் என்பதைக் கற்பனை செய்ய யாருக்கு என்ன தேவை?

துக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. போர்வை துக்கத்தில் பிறந்தது. அதன் கோடுகள் முடிவெடுத்துப் போடப்பட்டவை. பதினெட்டு வயதை ஒட்டிய மகள் வெட்டியதையும் சேர்த்தால் இது இருவர் கைவேலை. அருங்காட்சியகக் குறிப்புகள் தாயின் பெயரோடு நிற்பது போதாது. வெட்டிக் கொடுத்தவரின் பெயரும் இடம்பெற வேண்டும்.