பின் மட்கார்டு பொருத்துதல் (பழைய மோட்டார் சைக்கிள்)

பழைய மோட்டார் சைக்கிளுக்குத் தனியாகச் செய்த பின் மட்கார்டைப் பொருத்தும்போது, தோற்றத்தைவிடச் சக்கரத்தின் அசைவே அளவுகோலாக வேண்டும். 1957 வரையிலான ஹார்லி-டேவிட்சன் பெரிய வண்டிகளில் பின் சஸ்பென்ஷன் இல்லை. அதனால் அவற்றில் மட்கார்டு டயரை நெருங்கி நிற்கலாம். அங்கும் செயினை இறுக்கும்போது சக்கரம் பின்னால் நகரும் தூரத்தைக் கணக்கில் கொண்டே துளை போட வேண்டும். 1958இல் வந்த ஹார்லியின் டுவோ-கிளைடு மாடலில் ஸ்விங் ஆர்ம் இருப்பதால் சக்கரம் மேலும் கீழும் நகர்கிறது. ஆகவே ஷாக் அப்சார்பரைக் கழற்றிச் சக்கரத்தை உச்சிவரை தூக்கிப் பார்த்தே இடைவெளியைக் குறிக்க வேண்டும்.

மட்கார்டை ஸ்விங் ஆர்மிலேயே பிடித்தால் இந்தச் சிக்கல் தீருமே என்பது நியாயமான வாதம். இடைவெளி மாறாது என்பது உண்மை. ஆனால் ஸ்பிரிங் தாங்காத எடை கூடும்; சாலையின் அதிர்வு நேரே தகட்டில் இறங்கி, போல்ட் துளைகளைச் சுற்றி விரிசலுக்கு வழிவகுக்கும். நெடுநாள் ஓட வேண்டிய வண்டிக்கு ஃப்ரேமில் பொருத்துவதே தகும்.