நெடுந்தீவுக் குதிரைகளும் நிலவுடைமையாளரும் – ஒரு வரலாற்று நோக்கு

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பரதேசி வணிகருக்குப் பாதுகாப்பளிப்பதோடு, உடைந்த மரக்கலங்களைப் பற்றியும் ஒரு விதி செய்கின்றது. பிற பண்டங்களை ஏற்றிவந்த கலம் உடையின் பாதி அரசனுக்கு, பாதி உடையவனுக்கு. யானையும் குதிரையும் கொண்டுவந்த கலமாயின் அரசன் நாலில் ஒரு கூற்றையே கொள்வான். எஞ்சிய மூன்றும் உடையவனுக்கே உரியன. குதிரை வணிகர் மனமுடைந்து வேறு துறைமுகம் நாடிவிடுவர் என்ற அச்சமே இச்சலுகைக்குக் காரணமாதல் வேண்டும். அக்காலத்தில் தீவகம் குதிரைகள் வந்திறங்கிய வாயிலாக இருந்தது.

ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளின் பின் அதே தீவகத்தில் குதிரைகள் வளர்க்கப்பட்டன. 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை வெளியேற்றிய ஒல்லாந்தரும் இதற்குத் தெரிந்தெடுத்த இடம் நெடுந்தீவு. போர்த்துக்கேயர் இதனைப் ‘பசுக்களின் தீவு’ என்னும் பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். ஒல்லாந்தரோ தம் நாட்டு நகரொன்றின் பெயரால் டெல்வ்ற் என்றனர். வேலணை லெய்டனாகவும் நயினாதீவு ஹார்லெமாகவும் பெயர் மாறியதும் அவ்வகையிலேயே. இவற்றுள் போர்த்துக்கேயர் இட்ட பெயரே தீவின் இயல்பைச் சுட்டுவது. சுண்ணாம்புக்கல்லின்மேல் மெல்லிய படையாகப் படிந்த மண்; அதில் பனையும் புல்லுமே செழிக்கின்றன. காணிகளின் எல்லைகளிலே முருகைக்கற்கள் சாந்தின்றி அடுக்கப்பட்டு வேலிகளாக நிற்கின்றன. வேலிக்கு உட்பட்டது குடியானவனின் பனையும் தோட்டமும். அப்பால் விரிவது மேய்ச்சற் புல்வெளி.

அப்புல்லை உண்டு வளர்ந்த குதிரைகளின் வருவாய் எவரைச் சேர்ந்தது என்பதே இங்கு நோக்கற்பாலது. குதிரைப் பண்ணை ஆட்சியாளரின் உடைமை. 1795இல் யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்ட ஆங்கிலேயரும் அதனைத் தொடர்ந்து நடத்தினர். 1803இல் வெளிவந்த றொபேட் பேர்சிவலின் இலங்கை பற்றிய நூல் இத்தீவுக் குதிரை வளர்ப்பைக் குறிப்பிடுகின்றது. நோலன் என்னும் படை அதிகாரி பண்ணையைப் பராமரித்த செய்தியும் அறியப்பட்டதே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பண்ணை கைவிடப்பட்டது. இலாயத்தின் இடிபாடுகள் எஞ்சின, குதிரைகள் கட்டாக்காலிகளாயின. பண்ணை நடந்தபோது புல்லின் பயன் கோட்டைக்குச் சென்றது. பண்ணை ஒழிந்தபின் அப்பயன் எவருக்கும் இல்லாதொழிந்தது. மாடு வளர்ப்போனுக்குக் குதிரை தன் பசுவோடு புல்லுக்கும் நீருக்கும் போட்டியிடும் விலங்காகவே மிஞ்சியது. அதனைப் பேணுதற்கு அவனுக்குப் பொருளியற் காரணம் ஒன்றேனும் இருக்கவில்லை.

நிலமுடையோர் காட்டுயிரால் பயனடைந்து, அப்பயனின் பொருட்டே அதனைக் காத்தமைக்குத் தமிழர் வரலாற்றில் நல்லதொரு சான்று உண்டு. அது பாக்குநீரிணைக்கு அப்பால், செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் உள்ளது. அங்குள்ள ஏரியில் நிற்கும் மரங்களில் கூடுகட்டும் நீர்ப்பறவைகளின் எச்சம் நீரிற் கலந்து வயல்களிற் பாய்கின்றது. அந்நீர் எருவாதலை உழவர் நன்கறிந்திருந்தனர். ஆங்கிலப் படையினர் பறவைகளைச் சுடத் தலைப்பட்டபோது ஊரார் முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயனல் பிளேசிடம் பாதுகாப்புக் கவுல் பெற்றனர். 1858இல் அதனைப் புதுப்பித்துக்கொண்டனர். ஏரி சரணாலயமாக அரச ஏற்புப் பெற்றது 1936இலேதான். சட்டம் வருமுன் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காவல் செய்தவர்கள் வயலுடையோரே. அவர்களிடம் அருள் இல்லையெனக் கூறுவதற்கில்லை; எனினும் விளைச்சலும் உடனிருந்தது. வயலிற் பட்டியடைத்து எருப்பெறும் உழவனுக்கு இக்கணக்கு புதிதன்று.

மண்டைதீவு, வேலணைப் பகுதிக் களப்புகளுக்கும் மாரிதோறும் பறவைகள் வருகின்றன. ஆயின் அவற்றின் எச்சம் உவர்நீரோடு போகின்றது. எவர் வயலுக்கும் வந்து சேர்வதில்லை. கவுல் கேட்க வேண்டிய தேவை இங்கு எழாமைக்கு இவ்வேறுபாடும் ஒரு காரணமாகலாம்.

தீவுக் குதிரைகளுக்கே உரிய ஒப்புமை அமெரிக்காவின் வர்ஜீனியாக் கரையோரத்தில் உண்டு. அசற்றீக் தீவிலே கட்டாக்காலியாய்த் திரியும் மட்டக்குதிரைகள், அயலிலுள்ள சிங்கற்றீக் தீவின் தொண்டர் தீயணைப்புக் குழுவிற்குச் சொந்தமானவை. 1925 முதல் யூலை மாதந்தோறும் அவை கடற்கால்வாயை நீந்திக் கடக்கச் செய்யப்பட்டு, குட்டிகள் ஏலத்தில் விற்கப்படுகின்றன. அவ்வருவாய் தீயணைப்புப் பணிக்கும் குதிரைகளின் பராமரிப்புக்கும் செலவாகின்றது. மேயும் இடம் மத்திய அரசின் காட்டுயிர்ப் புகலிடம். வளர்ந்த குதிரைகள் 150க்கு மேற்படலாகாது என்பது அனுமதியின் நிபந்தனை. நிலம் அரசினுடையதாயினும் வருவாய் ஊராருடையது. ஊரார்க்கு வருவாய் வேண்டுமாயின் மந்தை நலமாயிருத்தல் வேண்டும்.

நெடுந்தீவில் மேற்கொள்ளப்பட்ட வழி வேறு. 2015 யூனில் தீவின் 1,846 எக்டேயர் பரப்புத் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. தீவின் முழுப்பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றராதலின், மூன்றிலொரு பங்குக்கு மேல் இதனுள் அடங்கும். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி தேசியப் பூங்கா அரச காணியிலேயே அமையும். தனியார் காணியையும் உள்ளடக்கத்தக்கது சரணாலயம் என்னும் வகை. ஆகவே வேலியிட்ட காணியின் உடைமையாளன் இவ்வேற்பாட்டிற் பங்காளியாக வரவில்லை. குதிரைகளைக் காணக் குறிகட்டுவானிலிருந்து படகேறி வருவோர் முச்சக்கரவண்டிக்குக் கூலி கொடுப்பர், உணவுக்குப் பணங் கொடுப்பர். குதிரை மேய்ந்த நிலத்தையும் அது நீரருந்திய கிணற்றையும் உடையவனுக்கு அப்பணம் சென்றடைய வழியேதும் வகுக்கப்படவில்லை.

கடும் வறட்சியில் நீரின்றிக் குதிரைகள் மடிவதைக் காணுமிடத்து, இத்தீவில் முதலிற் பேணவேண்டியது நீரே என்பது புலனாகும். யாழ்ப்பாணத்து வழியோரங்களிலே கால்நடைகளுக்கெனக் கேணி வெட்டி, அருகே ஆவுரோஞ்சிக்கல் நாட்டுதல் முன்னோர் செய்த தருமம். நெடுந்தீவில் நன்னீர்க் கிணறுகள் சிலவே. தன் கிணற்றருகே தொட்டி கட்டிக் கோடை முழுவதும் நீர் நிரப்புவோனுக்கும், தன் காணியின் ஒரு பகுதியை உழாது புல்லாக விடுவோனுக்கும் பயணிகளின் பணத்தில் ஒரு கூறு ஆண்டுதோறும் கிடைக்கச் செய்தல் இயலாததன்று. அக்கூறு எவ்வளவென்பதைப் பிரதேச சபையும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமும் காணியுடையோரும் கூடியிருந்து தீர்மானிக்க வேண்டும். உடைந்த கலத்தின் கூறுகளையே கல்லிற் பொறித்து வைத்த தீவகம் இது.