21 நாளும் 60 நாளும்

பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரின் ஒன்றரை ஏக்கர் அரசுக்குத் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அரசு ஆஸ்பத்திரி கட்ட எடுத்தால் 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி எடுப்பார்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு என்றால் 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் வரும். கிணறும் வரப்பும் மாறுவதில்லை. எந்தச் சட்டத்தில் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, பட்டாதாரர் வாய் திறக்கக் கிடைக்கும் இடம்தான் மாறுகிறது.

நிலவாரப்பட்டி, நாழிக்கல்பட்டிக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சேலம்-சென்னை எட்டு வழிச்சாலைக்காக 2018 ஜூனில் தோட்டங்களில் அளவைக் கல் நட்டார்கள். 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டங்கள், ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய் என்பது திட்டம்.

முதலில் பணம். ஒரு காலத்தில் இரண்டு சட்டங்களுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருந்தது. 1997-இல் நெடுஞ்சாலைச் சட்டத்தில் நுழைக்கப்பட்ட 3-ஜே பிரிவு, பழைய 1894 சட்டம் தந்துவந்த ஆறுதல் தொகையையும் வட்டியையும் சாலைக்கு நிலம் கொடுத்தவருக்கு இல்லாமல் செய்தது. 2015-இல் மத்திய அரசின் ஆணை ஒன்று 2013 சட்டத்தின் இழப்பீட்டுக் கணக்கை நெடுஞ்சாலைக்கும் கொண்டுவந்தது. சந்தை மதிப்பு, கிராமமானால் அதற்கு ஒன்று முதல் இரண்டு வரையான பெருக்கம், கிணற்றுக்கும் மரத்துக்கும் தனி விலை, அதன்மேல் நூற்றுக்கு நூறு ஆறுதல் தொகை. இடைப்பட்ட ஆண்டுகளில் ஏமாந்தவர்களுக்காக 2019 செப்டம்பரில் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 3-ஜே பிரிவு அந்த அளவில் செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பை இனி வரும் வழக்குகளுக்கு மட்டும் என்று சுருக்கக் கேட்ட நெடுஞ்சாலை ஆணையத்தின் மனு 2025 பிப்ரவரியில் தள்ளுபடியானது. ஆக, காசு விஷயத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தட்டுக்கு வந்துவிட்டன.

பேச்சு விஷயத்தில் வரவில்லை. 2013 சட்டத்தில் அறிவிப்புக்கு முன்பே சமூகத் தாக்க மதிப்பீடு உண்டு. யார் குடி பெயர்வார்கள், வேறு இடம் கிடைக்குமா, இவ்வளவு நிலம் வேண்டுமா என்று விசாரித்து, ஊரிலேயே மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தி, நிபுணர் குழுவிடம் வைக்க வேண்டும். பிறகு வரும் அறிவிப்பை ஆட்சேபிக்க 60 நாள். "இது பொதுக்காரியமே இல்லை" என்றுகூட அப்போது வாதாடலாம்.

நெடுஞ்சாலைச் சட்டத்தில் அந்த முதல் கட்டமே கிடையாது. நிலம் எடுக்கப் போவதாகச் சொல்லும் 3-ஏ அறிவிப்பு அரசிதழில் வந்த நாளில் இருந்து ஆட்சேபிக்க 21 நாள், அவ்வளவுதான். மல்லூர்ச் சந்தைக்குப் பூ மூட்டை கட்டுகிறவர் மத்திய அரசிதழைப் புரட்டிக்கொண்டா இருப்பார்? இரண்டு நாளிதழ்களில் சாரம் போட வேண்டும் என்கிறது சட்டம். எந்தப் பக்கத்தில், எந்த எழுத்தளவில் என்று சொல்லவில்லை. சர்வே எண்களும் உட்பிரிவுகளும் நிரம்பிய அந்த வரிசையில் தன் எண்ணைத் தேடி எடுப்பதற்குள்ளேயே பாதி நாள் போய்விடும். பிறகு நில எடுப்பை உறுதிசெய்யும் 3-டி அறிவிப்பு வந்த கணமே நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். விலையில் திருப்தி இல்லையென்றால் 2013 சட்டக்காரர் மாவட்ட நீதிபதி தரத்தில் உள்ள ஆணையத்திடம் போவார். சாலைக்கு நிலம் கொடுத்தவர் மத்திய அரசே நியமிக்கும் நடுவரிடம் போக வேண்டும். வாங்குகிறவரே பஞ்சாயத்துக்காரரையும் கூட்டிவருவதை வேறு எந்தக் கிரயத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

2013 சட்டத்தையும் தலையில் தூக்கி வைக்க வேண்டாம். பல போகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்கலாம் என்று பத்தாவது பிரிவு சொல்கிறது. அதே பிரிவே ரயில், நெடுஞ்சாலை, வாய்க்கால் போன்ற நீள் திட்டங்களுக்கு விலக்கும் தந்துவிடுகிறது.

எட்டு வழிச்சாலை வழக்கில் 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் டி.எஸ்.சிவஞானம், வி.பவானி சுப்பராயன் அமர்வு, சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமல் வெளியிட்ட நில எடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், 3-ஏ அறிவிப்புக்கு முன் அந்த அனுமதி தேவையில்லை என்று அவற்றை உயிர்ப்பித்தது. ஆனால் இரண்டு நீதிமன்றங்களும் ஒரே குரலில் கண்டித்த ஒன்று உண்டு. நிலம் சட்டப்படி கைமாறும் முன்பே வருவாய்ப் பதிவேடுகளில் உரிமையாளர் பெயரை எடுத்துவிட்டு அரசின் பெயரை ஏற்றியிருந்தார்கள். அதைச் செல்லாது என்றதில் கருத்து வேறுபாடே இல்லை. சிட்டாவில் பேர் இல்லாதவருக்கு வங்கிக் கடன் கிடைப்பதே பாடு என்பதை அறிந்தவர்களுக்கு இது சின்ன வெற்றி அல்ல.

இரண்டு நடைமுறைகளுக்கு இடையிலான தூரத்தை உச்ச நீதிமன்றம் தொட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில், அரசமைப்பின் 300-ஏ பிரிவு வெறும் இழப்பீட்டு உரிமை அல்ல, ஏழு உரிமைகளின் தொகுப்பு என்றது. அவற்றில் முதலாவது அறிவிப்புப் பெறுவது, இரண்டாவது ஆட்சேபத்தைக் கேட்கச் செய்வது, மூன்றாவது காரணம் சொல்லும் முடிவு. இழப்பீடு ஐந்தாவதாகத்தான் வருகிறது. ஆனால் மாநில நெடுஞ்சாலைகளுக்கான 2001 சட்டம் உள்ளிட்ட மூன்று தமிழ்நாட்டுச் சட்டங்களை 2013 சட்டத்தின் நடைமுறையில் இருந்து விலக்கிய ஏற்பாட்டை 2021 ஜூனில் ஏற்றுக்கொண்டதும் இதே நீதிமன்றம்தான். அரசிதழில் வெளியாகும் 21 நாள் கெடு அந்த ஏழில் முதல் இரண்டுக்கும் ஈடுகொடுக்குமா என்று, அடுத்த 3-ஏ அறிவிப்பில் சர்வே எண் வந்தவர்தான் கேட்க வேண்டியிருக்கும்.