தேடுபொறி

'தேடல் இயந்திரம்' என்று சிலர் எழுதினாலும், ஐம்பொறியில் புலனுறுப்பையும், எலிப்பொறியில் சிக்கவைக்கும் கருவியையும், புலிப்பொறியில் பதித்த சின்னத்தையும் குறிக்கும் 'பொறி'யே இங்கு நன்கு பொருந்துகிறது. ஆங்கில 'எஞ்சின்' என்பதும், இயல்பறிவைக் குறித்த 'இஞ்செனியம்' என்னும் இலத்தீன் சொல்லில் பிறந்து, சூழ்ச்சி, கண்ணி என்ற பொருள்களையும் ஏற்றுப் பின்னரே இயந்திரத்துக்கு வந்தது. 1990இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவான ஆர்ச்சி என்னும் தேடுபொறி, கோப்புகளின் பெயர்களை மட்டுமே தேடிற்று. 1995இல் வந்த ஆல்டாவிஸ்டாவோ, நிரல் தானே திரட்டிய பக்கங்களின் முழு உரையையும் சொல்வாரியாக அட்டவணையிட்டு, கேட்ட சொல் அகப்பட்ட பக்கங்களை எல்லாம் (அகப்பட்டவை அனைத்தும் வேண்டியவை அல்ல) வரிசையாக நீட்டியது. 1994இல் தோன்றிய யாகூவைத் தொடக்கம் முதலே தேடுபொறி என்பது பிழை. மனிதர்கள் தளங்களைப் பார்த்துத் துறைவாரியாக அடுக்கிய அந்தப் பட்டியலுக்கு 'வலை அடைவு' என்பதே உரிய பெயர்.